நூலக மேசை: தேடுபெட்டியில் எந்தச் சொல்லைத் தட்டுவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன: "தேடினேன், கிடைக்கவில்லை." அதனால் பக்கம் முழுவதையும் தேடுசொற்களுக்கே கொடுத்துவிட்டோம். ஆங்கிலத்தில் தட்டவேண்டிய சொற்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். திரையில் ஆங்கிலத்தில் இட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஆய்வுத் தலைப்பு, "தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் மாணவர் வருகையில் ஏற்படுத்திய தாக்கம்: ஓர் ஆய்வு". இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எங்கள் நூலகத்தின் கல்வியியல் தரவுத்தளத்தில் இட்டால் ஒன்றுமே வரவில்லை. கூகுள் ஸ்காலரில் இட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. எதை நம்புவது?
— கல்வியியல் ஆய்வு மாணவி, விருதுநகர்

பதில்: இரண்டையும் இப்போதைக்கு நம்பவேண்டாம். தலைப்பு என்பது கைடுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதுவது. தேடுபெட்டிக்கு அது புரியாது. நூலகத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் கட்டுரையின் தலைப்பு, சுருக்கம், பொருள் தலைப்புகள் (பட்டியலிடுகிறவர் ஒட்டும் சொற்கள்) ஆகியவற்றில் மட்டுமே தேடும். நீங்கள் இட்ட எல்லாச் சொற்களும் அந்தச் சில வரிகளுக்குள் இருந்தாகவேண்டும் என்று எதிர்பார்க்கும். கூகுள் ஸ்காலர் முழுக் கட்டுரைக்குள்ளும் துழாவுவதால், எங்கோ அடிக்குறிப்பில் "மீல்" என்று இருந்தாலும் இழுத்து வந்துவிடும். அதிலும் எத்தனை ஆயிரம் என்று காட்டினாலும் முதல் 1000 முடிவுகளுக்கு மேல் உங்களால் பார்க்க முடியாது.

முதலில் தலைப்பிலிருந்து "தாக்கம்", "ஓர் ஆய்வு", "பங்கு", "பிரச்சினைகள்" போன்றவற்றை அடித்துவிடுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள்: திட்டம், விளைவு, யார், எங்கே.

திட்டம் என்ற பத்திதான் உங்களுக்குச் சோறு போடப்போகிறது. "மிட்டே மீல்" என்பதை ஒரே சொல்லாகவும், நடுவில் சிறுகோடு இட்டும், இரண்டு சொல்லாகப் பிரித்தும் எழுதுகிறார்கள். மூன்றையும் எழுதுங்கள். அடுத்து "நூன் மீல்". 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்டபோது வந்த பெயர் "நியூட்ரிஷியஸ் மீல் புரோகிராம்". 1995-இல் மத்திய அரசு தொடங்கியபோது அதன் பெயர் நீளமானது, "நேஷனல் புரோகிராம் ஆஃப் நியூட்ரிஷனல் சப்போர்ட் டு பிரைமரி எஜுகேஷன்". 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவே தரவேண்டும் என்று உத்தரவிட்ட பிறகு வந்த பொருளாதாரக் கட்டுரைகளில் "குக்ட் மீல்" என்ற சொல் அடிக்கடி வரும். 2021 முதல் "பி.எம். போஷன்". வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஐ.நா. அமைப்புகளும் "ஸ்கூல் ஃபீடிங்" என்பார்கள், அமெரிக்கர்கள் "ஸ்கூல் லஞ்ச்" என்பார்கள். "எம்.டி.எம்." என்ற சுருக்கத்தை மட்டும் தனியாக இடவேண்டாம். கைப்பேசி மேலாண்மை மென்பொருளுக்கும் அதே சுருக்கம்தான்.

விளைவுப் பத்தியில் "அட்டெண்டன்ஸ்" மட்டும் போதாது. "ஆப்சென்டீயிசம்", "என்ரோல்மென்ட்" (பிரிட்டிஷ் வழக்கில் ஒரு எல், அமெரிக்க வழக்கில் இரண்டு), "டிராப்அவுட்", "ரிடென்ஷன்" எல்லாம் வேண்டும். பொருளாதாரத் துறையினர் இதையே "ஸ்கூல் பார்ட்டிசிபேஷன்" என்று எழுதுகிறார்கள். அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் அந்தத் துறைக் கட்டுரைகளில் பெரும்பகுதி கைநழுவும்.

"யார்" பத்தியை அப்படியே விட்டுவிடலாம். பள்ளிச் சாப்பாட்டைப் பள்ளிப் பிள்ளைகளைத் தவிர வேறு யார் சாப்பிடப்போகிறார்கள்? "எங்கே" பத்தியையும் முதல் சுற்றில் சேர்க்காதீர்கள். முதல் இரண்டு பத்திகளை மட்டும் வைத்துத் தேடுங்கள். ஒரே பத்திக்குள் இருக்கும் சொற்களை "ஆர்" (அல்லது) கொண்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் போடவேண்டும். பத்திக்கும் பத்திக்கும் நடுவே "ஆண்ட்" (மற்றும்). இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் தட்டுங்கள். வருவது சில நூறுகளைத் தாண்டினால் அப்போது "இந்தியா" சேருங்கள், பிறகு "தமிழ்நாடு" (ஒரே சொல்லாகவும் இரண்டாகவும்). 1969-க்கு முந்தைய ஆவணங்களுக்கு "மெட்ராஸ்". காமராஜர் காலத்துத் திட்டத்தைத் தேடுகிறவர் "தமிழ்நாடு" என்று மட்டும் இட்டால் காமராஜரே கிடைக்கமாட்டார்.

கடைசியாக ஒன்று. வந்தவற்றில் உங்கள் தலைப்புக்கு மிக நெருக்கமான ஐந்து கட்டுரைகளைத் திறந்து, சுருக்கத்துக்குக் கீழே உள்ள பொருள் தலைப்புகளைப் பாருங்கள். எரிக் என்ற கல்வியியல் தரவுத்தளத்தில் இந்தப் பொருளுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் "லஞ்ச் புரோகிராம்ஸ்". காலை உணவுக்குத் தனியாக "பிரேக்ஃபாஸ்ட் புரோகிராம்ஸ்" உண்டு. 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் சேர்ப்பதாக இருந்தால் அது கைகொடுக்கும். "மிட்டே மீல்" என்று கட்டுரையாசிரியர் எழுதியிருந்தாலும், "ஸ்கூல் ஃபீடிங்" என்று எழுதியிருந்தாலும், பட்டியலிடுகிறவர் ஒட்டும் சீட்டு ஒன்றுதான். அந்தச் சீட்டையும் முதல் பத்தியில் "ஆர்" போட்டுச் சேர்த்து மறுபடி தேடுங்கள்.

கேள்வி: கழிவு பிளாஸ்டிக்கைக் கலந்து சாலை போடுவது என் பிராஜெக்ட். ஒரே தேடலை ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு கட்டுரைத் தரவுத்தளங்களிலும் இட்டேன். எண்ணிக்கையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நான் இட்டது: பிளாஸ்டிக் ஆர் பாலிஎத்திலீன் ஆண்ட் பிட்டுமென்.
— எம்.இ. மாணவர், மதுரை

பதில்: அடைப்புக்குறி போடாததுதான் காரணம். "ஆர்", "ஆண்ட்" இரண்டும் கலந்து வந்தால் ஸ்கோப்பஸ் "ஆர்" பகுதியை முதலில் முடிக்கும். வெப் ஆஃப் சயின்ஸ் "ஆண்ட்" பகுதியை முதலில் முடிக்கும். ஸ்கோப்பஸில் நீங்கள் கேட்டதுதான் நடந்தது. வெப் ஆஃப் சயின்ஸோ, பிட்டுமெனில் கலந்த பாலிஎத்திலீனோடு உலகத்துப் பிளாஸ்டிக் அத்தனையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. மருத்துவத் தரவுத்தளமான பப்மெட் இடமிருந்து வலமாக வரிசையாகப் போகும். இந்த விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்யவேண்டாம். "ஆர்" வரும் இடமெல்லாம் அடைப்புக்குறி போட்டால் மூன்றும் ஒரே மாதிரி படிக்கும். (இரண்டிலும் உள்ள இதழ்கள் வேறு என்பதால் கொஞ்சம் வித்தியாசம் அப்போதும் இருக்கும்.)

உங்கள் சொற்களிலும் ஓர் ஓட்டை உண்டு. நம் ஊரில் தார் என்றால் பிட்டுமென். அமெரிக்க ஆய்வாளர் அதே பொருளை "அஸ்பால்ட்", "அஸ்பால்ட் பைண்டர்" என்று எழுதுவார். பிரிட்டிஷ் வழக்கில் அஸ்பால்ட் என்பது ஜல்லியோடு கலந்த கலவை. ஆகவே அதையும் சேர்க்கத்தான் வேண்டும், கூடவே வரும் கலவைக் கட்டுரைகளைக் கண்ணால் பார்த்துக் கழிக்கவேண்டும்.

"வேஸ்ட் பிளாஸ்டிக்" என்று மேற்கோள் குறிக்குள் இட்டால் "பிளாஸ்டிக் வேஸ்ட்" வராது. அருகருகே இருக்கச் சொல்லும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஸ்கோப்பஸில் டபிள்யூ, சாய்கோடு, 3 என்று இட்டால் இரண்டு சொல்லும் மூன்று சொல் தூரத்துக்குள், எந்த வரிசையில் இருந்தாலும் பிடிக்கும். வெப் ஆஃப் சயின்ஸில் அதற்கு "நியர்", சாய்கோடு, 3. எப்ஸ்கோ தரவுத்தளங்களில் "என்" எழுத்தும் எண்ணும் ஒட்டி. ஒன்றின் கட்டளையை மற்றொன்றில் ஒட்டினால் வேலை செய்யாது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: நெல் குலைநோய் பற்றித் தேடினால் மரபணு வரிசை ஒப்பீட்டுக் கட்டுரைகள் ஏன் இத்தனை வருகின்றன? "நாட்" போட்டு நீக்கலாமா?
— வேளாண் மாணவி, கோவை

பதில்: நோயின் பெயர் "பிளாஸ்ட்". மரபணு வரிசைகளை ஒப்பிடும் மென்பொருளின் பெயரும் "பிளாஸ்ட்". நெல் மரபணுக் கட்டுரை எழுதுகிறவர்கள் பலர் அந்த மென்பொருளைச் சுருக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். "ரைஸ் ஆண்ட் பிளாஸ்ட்" என்று தனித்தனியாக இடாமல், "ரைஸ் பிளாஸ்ட்", "லீஃப் பிளாஸ்ட்", "நெக் பிளாஸ்ட்", "பேனிக்கிள் பிளாஸ்ட்", "பிளாஸ்ட் ரெசிஸ்டன்ஸ்" என்று ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் தொடராக இட்டு "ஆர்" போடுங்கள். கூட்டம் அடங்கிவிடும்.

பூஞ்சையின் அறிவியல் பெயரைச் சேர்க்காவிட்டால் தேடல் அரைகுறைதான். அதிலும் நான்கு பெயர்கள்: பைரிகுலேரியா ஒரைசே, பைரிகுலேரியா கிரீசியா, மேக்னபோர்த்தே கிரீசியா, மேக்னபோர்த்தே ஒரைசே. நெல்லைத் தாக்குவதை 2002-இல் தனி இனமாகப் பிரித்து மேக்னபோர்த்தே ஒரைசே என்றார்கள். அதற்கு முந்தைய கட்டுரைகளில் அந்தப் பெயரைத் தேடிப் பயனில்லை. இப்போது பைரிகுலேரியா ஒரைசே என்ற பெயரும் பரவலாகப் புழங்குகிறது. நான்கையும் போடுங்கள்.

"நாட்" வேண்டாம். கோதுமைக் குலைநோயை நீக்க "நாட் வீட்" என்று இட்டால், நெல்லையும் கோதுமையையும் ஒப்பிடும் கட்டுரை முழுதாகப் போய்விடும். உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது அதுவாகவே இருக்கும்.

கேள்வி: இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு குறித்து ஆங்கிலக் கட்டுரைகளும் பழைய அரசாங்க அறிக்கைகளும் தேவை. "மலையகத் தமிழர்" என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை இடவேண்டும்?
— இளங்கலை வரலாற்று மாணவர், ஹட்டன்

பதில்: எந்தக் காலத்து ஆவணம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சொல் அதற்கேற்ப மாறும். எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரு சொல் இதில் கிடையாது.

இன்றைய எழுத்தில் "ஹில் கன்ட்ரி தமிழ்ஸ்", "அப்கன்ட்ரி தமிழ்ஸ்" (சிறுகோட்டோடும் இல்லாமலும்), "மலையக" என்பதன் பலவித ஆங்கில எழுத்துக்கூட்டல்கள். சமூகவியல், மானிடவியல் கட்டுரைகளில் "எஸ்டேட் தமிழ்ஸ்", "பிளான்டேஷன் தமிழ்ஸ்". குடிசன மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டவற்றில் "இந்தியன் தமிழ்ஸ்". 1911 முதல் கணக்கெடுப்பில் அப்படித்தான் தனியே பிரித்திருக்கிறார்கள்.

1948-இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிந்தைய அரசியல் ஆவணங்களில் "பர்சன்ஸ் ஆஃப் இந்தியன் ஆரிஜின்", "ஸ்டேட்லெஸ்" என்று வரும். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் "ரிபேட்ரியேஷன்", "ரிபேட்ரியேட்ஸ்". தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றிய கட்டுரைகளில் "சிலோன்" என்றோ "ஸ்ரீலங்கா" என்றோ மட்டும் தேடினால் போதாது. அவர்கள் "நீலகிரி", "கூடலூர்", "கோத்தகிரி" என்ற ஊர்ப்பெயர்களுக்குள் இருப்பார்கள். நாட்டின் பெயர் 1972-இல் மாறியது என்பதால் "சிலோன் ஆர் ஸ்ரீலங்கா" என்று இரண்டையும் எப்போதும் சேர்த்தே இடுங்கள்.

பிரிட்டிஷ் காலத்துக்குப் போனால் "தமிழ்" என்ற சொல்லே பல அறிக்கைகளில் இராது. "இமிகிரன்ட் லேபர்", "இந்தியன் லேபர்", "கூலி" என்றுதான் எழுதினார்கள். கூலியை முடிவில் ஒய் போட்டும், ஐ, இ போட்டும் எழுதியிருப்பார்கள். இழிவாக ஒலிக்கும் சொல்தான். உங்கள் ஆய்வேட்டில் அதை மேற்கோளுக்குள் வையுங்கள், தேடுபெட்டியில் மட்டும் தயங்கவேண்டாம். "கங்காணி" (தோட்டத்துக்கு ஆட்களைத் திரட்டி மேற்பார்த்தவர்) என்பதற்கு எழுத்துக்கூட்டல் இன்னும் மோசம்: கே-யில் தொடங்கும், சி-யில் தொடங்கும், நடுவில் ஜி வரும் அல்லது கே வரும், முடிவில் ஒய், ஐ, சில இடத்தில் ஐ, இ. தரவுத்தளம் ஓர் எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறியை ஏற்றுக்கொண்டால் பாதி தட்டச்சு மிச்சம். கூகுள் ஸ்காலர் அதை ஏற்காது, ஒவ்வொன்றாகத்தான் இடவேண்டும்.

எளிதில் மறந்துபோகும் சொல் ஒன்று உண்டு: "காபி". தேயிலை பின்னால் வந்தது. 1869-இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, அடுத்த இருபது ஆண்டுகளில் காபித் தோட்டங்கள் அழியும்வரை, ஆட்களைக் கொண்டுவந்தது காபிக்காகத்தான். "டீ" என்று மட்டும் இட்டுத் தேடினால் முதல் அரை நூற்றாண்டு காணாமல் போகும்.

ஆய்விதழ்களின் பழைய இதழ்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஜேஸ்டோரில் தேடும்போது சுருக்கத்தில் மட்டும் தேடு என்ற வசதியைத் தொடாதீர்கள். அங்கே பத்தில் ஒரு கட்டுரைக்குத்தான் சுருக்கமே உண்டு. தமிழ் மூலங்களுக்கு "நூலகம்" என்ற ஈழத்து மின்னூலகத் தளத்தில் "மலையகம்", "தோட்டத் தொழிலாளர்", "இந்திய வம்சாவளி" மூன்றையும் தனித்தனியே இட்டுப் பாருங்கள்.

கேள்வி: தமிழிலேயே தேடும்போது என்ன கவனிக்கவேண்டும்? ஆய்வேட்டு பி.டி.எஃப்.-க்குள் கண்ணெதிரே இருக்கும் சொல்லைக்கூடத் தேடுபெட்டி இல்லை என்கிறது.
— தமிழ்த்துறை ஆய்வாளர், திருச்சி

பதில்: அந்த பி.டி.எஃப்.-இலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எதுவுமே ஒட்டாவிட்டால் அது வெறும் ஸ்கேன் படம். இரண்டிலும் ஒருங்குறியில் தேடி ஒன்றும் ஆகாது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்காவில் இப்படிப்பட்ட ஆய்வேடுகளைத் தலைப்பு, துறை, பல்கலைக்கழகம் கொண்டுதான் பிடிக்கவேண்டும். தலைப்பும் சிலவற்றில் தமிழ் எழுத்தில், சிலவற்றில் ஆங்கில எழுத்தில் தமிழாக, சிலவற்றில் ஆங்கில மொழிபெயர்ப்பாக இருக்கும். மூன்று வகையிலும் தேடுங்கள்.

ஒருங்குறியில் உள்ளவற்றுக்கு வேறு சிக்கல். நட்சத்திரக் குறியை (சொல்லின் முடிவில் எது வந்தாலும் சரி என்று சொல்லும் குறி) ஏற்கும் தளத்தில் "நூல்" என்று இட்டு நட்சத்திரம் போட்டால் "நூல்கள்" வரும், "நூலின்", "நூலை" வராது. ஏனென்றால் கணினிக்கு "ல்" என்பது லகரமும் புள்ளியும் ஆகிய இரண்டு குறிகள். "லி" என்பது லகரமும் இகரக் குறியும். புள்ளியை எடுத்துவிட்டு "நூல" என்று நிறுத்தி நட்சத்திரம் போடுங்கள், எல்லாம் வரும். நூலகமும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளவேண்டியதுதான். "மரம்–மரத்தின்" போன்றவற்றுக்கு இந்த வித்தை உதவாது. இரண்டு வடிவத்தையும் எழுதுங்கள். ஒற்று மிகுந்து பிரிந்தும் சேர்ந்தும் வரும் தொடர்கள் ("கல்விக் கொள்கை", "கல்விக்கொள்கை"), "சாதி–ஜாதி" போன்ற கிரந்த வேறுபாடுகள் ஆகியவற்றுக்கும் அதே கதிதான்.

கேள்வி: இங்குள்ள பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் சிலப்பதிகாரம் பற்றி இரண்டு நூல்தானா?
— வாசகி, கோலாலம்பூர்

பதில்: நீங்கள் எஸ் எழுத்தில் தொடங்கித் தேடியிருப்பீர்கள். பெரிய நூலகங்களில் பல, அமெரிக்க நூலகக் காங்கிரஸ் வழியில் தமிழை எழுத்துப்பெயர்க்கின்றன. அதில் சகரத்துக்கு சி. "சிலப்பதிகாரம்" சி-யில் தொடங்கும், தகரத்துக்கு ஹெச் சேராத வெறும் டி, ககரத்துக்கு கே. சங்க இலக்கியமும் அங்கே சி-யில்தான். ழகரத்துக்கு இஸட், ஹெச் அல்ல, அடியில் கோடிட்ட எல். கோடு, புள்ளி இல்லாமல் தட்டினாலும் பெரும்பாலான பட்டியல்கள் புரிந்துகொள்ளும். பெயரை இந்த முறையில் ஒருமுறை, வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒருமுறை, தமிழ் எழுத்தில் ஒருமுறை இட்டுப் பாருங்கள்.

கேள்வி: பப்மெட்டில் "நர்ஸ்" சொல்லைச் சுருக்கி நட்சத்திரம் போட்டதும் குழந்தை காப்பகமெல்லாம் வருகிறது. மெஷ் சொல் (பப்மெட்டின் பொருள் தலைப்பு) மட்டும் போட்டால் போதுமா?
— செவிலியர் கல்லூரி விரிவுரையாளர், வேலூர்

பதில்: என், யு, ஆர், எஸ் என்ற நான்கு எழுத்தோடு நிறுத்தினால் நர்சரியும் வரும், தாய்ப்பாலூட்டும் நர்சிங்கும் வரும். வேண்டிய வடிவங்களை முழுதாக எழுதி "ஆர்" போடுவது மேல். இன்னொன்று: வழக்கமாக பப்மெட் நீங்கள் இடும் சொல்லைத் தானே மெஷ் சொல்லோடு பொருத்திக்கொள்ளும். "ஹார்ட் அட்டாக்" என்றால் "மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன்" சேர்ந்துகொள்ளும். நட்சத்திரமோ மேற்கோள் குறியோ போட்ட சொல்லுக்கு இந்த உதவி நின்றுவிடும். அட்வான்ஸ்டு பக்கத்தில் தேடல் வரலாற்றின் "டீட்டெயில்ஸ்" அம்பைத் திறந்தால், உண்மையில் அது எதைத் தேடியது என்று தெரியும். தேடியதும் முதலில் பார்க்கவேண்டிய இடம் அது.

மெஷ் மட்டும் போதாது. மெட்லைனில் (பப்மெட்டுக்குள் மெஷ் ஒட்டப்படும் பகுதி) சேராத பதிவுகளும் பப்மெட்டில் உண்டு, அவற்றுக்கு மெஷ் ஒட்டப்படுவதில்லை. கர்ப்பகால நீரிழிவு என்றால் "டயாபடிஸ், ஜெஸ்டேஷனல்" என்ற மெஷ் சொல்லோடு, "ஜெஸ்டேஷனல் டயாபடிஸ்" என்பதைத் தலைப்பு-சுருக்கப் புலத்தில் தேடும்படி இட்டு, இரண்டையும் "ஆர்" கொண்டு சேருங்கள்.

கேள்வி: எத்தனை சொல் சேர்த்ததும் நிறுத்துவது? ஏ.ஐ.-யிடம் கேட்டு வாங்கலாமா?
— பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

பதில்: ஒத்த சொற்களைக் கேட்டு வாங்கலாம். அது தரும் சொல்லை ஒவ்வொன்றாக இட்டு, உண்மையில் கட்டுரையாளர்கள் அதை எழுதுகிறார்களா என்று பார்த்த பிறகு சேருங்கள். அது தரும் கட்டுரைப் பெயர்களைத் தரவுத்தளத்தில் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

புதிதாகச் சேர்த்த இரண்டு மூன்று சொல்லும் புதிய கட்டுரை எதையும் தராத இடத்தில் நிறுத்தலாம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஐந்து முக்கியக் கட்டுரைகள் தேடலில் வருகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தால் அதன் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்தால், விட்ட சொல் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் நாள், தரவுத்தளம், இட்ட வரி அப்படியே, வடிகட்டிகள், எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் ஒரு எக்செல் தாளில் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து கைடு "எப்படித் தேடினீர்கள்?" என்று கேட்பார்.

கேள்வி: என் கட்டுரைக்குத் திறவுச்சொல் ஐந்து தரச் சொல்கிறார்கள். தலைப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டேன். சரிதானே?
— உதவிப் பேராசிரியர், சேலம்

பதில்: தலைப்பில் உள்ள சொற்கள் எப்படியும் தேடலில் அகப்படும், அந்த ஐந்து இடத்தை அவற்றுக்கே கொடுப்பது வீண். தலைப்பில் "நூன் மீல்" என்று இருந்தால் திறவுச்சொல்லில் "ஸ்கூல் ஃபீடிங்" கொடுங்கள். தலைப்பில் பிட்டுமென் இருந்தால் இங்கே அஸ்பால்ட்.